சாய்ந்த ஃப்ரெட் என்ன செய்கிறது? மல்டி-ஸ்கேல் பேஸ் கிட்டாரை முதல்முறை கையிலெடுப்பவர்களுக்கு

நீண்ட கழுத்தான நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃப்ரெட்கள் விசிறிபோல விரிந்திருக்கும். தலைப்பகுதியே இருக்காது. பாடி முழுக்க வளைத்துச் செதுக்கியிருக்கும். இப்படிப்பட்ட பேஸ் கிட்டார்களை இப்போது கடைகளிலும் மேடைகளிலும் அடிக்கடி பார்க்கலாம். இவற்றைப் பற்றிப் பேசும்போது மல்டி-ஸ்கேல், எர்கனாமிக், ஹெட்லெஸ் என்ற மூன்று சொற்களும் ஒரே பொருளில் புழங்குகின்றன. ஃப்ரெட் சாய்ந்திருந்தால் கைக்குச் சுகம் என்பார் ஒருவர். சுருதி துல்லியமாக வரும் என்பார் இன்னொருவர். வாசிக்கவே முடியாது, எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்க வேண்டும் என்பார் மூன்றாமவர். மூன்று பேச்சிலும் உண்மை கொஞ்சம்தான்.

மல்டி-ஸ்கேல் என்பது கம்பியின் நீளம் பற்றியது. அதன் வேலை முதன்மையாக ஒலியில் தெரியும். எர்கனாமிக் என்பது பாடி உடம்போடு எப்படிப் பொருந்துகிறது என்பதைப் பற்றியது. ஹெட்லெஸ் என்பது எடை எங்கே இருக்கிறது என்பதைப் பற்றியது. மூன்றும் தனித்தனி. கனடாவின் சாஸ்கடூன் நகரிலுள்ள டிங்வால் நிறுவனத்தின் பேஸ்களில் சாய்ந்த ஃப்ரெட் உண்டு, தலைப்பகுதியும் உண்டு. ஐபனெஸ் நிறுவனம் 2020-இல் கொண்டுவந்த ஈ.எச்.பி வரிசை முழுக்க ஹெட்லெஸ்; ஆனால் அதில் மல்டி-ஸ்கேல் மாடல்களும் உண்டு, ஃப்ரெட் நேராக உள்ள மாடல்களும் உண்டு. எனவே கருவியை வாசித்துப் பார்க்கும்போதும் மூன்றையும் தனித்தனியாகவே மதிப்பிட வேண்டும். அதற்கு முதலில் கம்பியைப் புரிந்துகொள்வோம்.

ஸ்கேல் நீளம்

கம்பி அதிரும் பகுதிக்கு இரண்டு முனைகள். நெக்கின் நுனியில் கம்பி உட்காரும் பள்ளமுள்ள துண்டு நட். பாடியில் கம்பி உட்காரும் இடம் பிரிட்ஜ். அங்கே ஒவ்வொரு கம்பிக்கும் உள்ள சிறு தாங்கி சேடில். நட்டிலிருந்து சேடில் வரையுள்ள தூரம்தான் ஸ்கேல் நீளம். நட்டிலிருந்து 12-ஆவது ஃப்ரெட் வரை அளந்து இரண்டால் பெருக்கினாலும் இதே அளவு வரும்.

ஃபெண்டர் 1951-இல் வெளியிட்ட பிரிசிஷன் பேஸின் ஸ்கேல் 34 அங்குலம். இன்றுவரை பேஸ் கிட்டாருக்கு அதுவே பொது அளவு. 30 அங்குலத்தை ஒட்டியவை ஷார்ட் ஸ்கேல். ஐந்து கம்பி பேஸ்களில் 35 அங்குலமும் சகஜம். இவை ஒவ்வொன்றிலும், எத்தனை கம்பி இருந்தாலும், அந்தக் கருவியின் எல்லாக் கம்பிக்கும் நீளம் ஒன்றுதான்.

நீளமும் இழுவிசையும்

துணி காயப்போடும் கொடியை விரலால் சுண்டிப் பாருங்கள். இரண்டு கம்பங்களுக்கு நடுவே தூரம் கூடக்கூடக் கயிறு மெதுவாக ஆடும். அதே கயிறு நீளமாகவும் இருக்க வேண்டும், பழைய வேகத்திலேயே அதிரவும் வேண்டும் என்றால் இன்னும் இறுக்கிக் கட்டத்தான் வேண்டும். அந்த இறுக்கத்தின் பெயர் இழுவிசை. பேஸ் கம்பிக்கும் இதே விதிதான். கம்பியும் சுருதியும் மாறாமல் நீளம் மட்டும் கூடினால், இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 34-ஐ 35 ஆக்கினால் இழுவிசை 6 சதவீதம் ஏறும். 37 ஆக்கினால் 18 சதவீதம்.

பி கம்பியின் சிக்கல்

நான்கு கம்பி பேஸில் தாழ்ந்த கம்பி இ. நொடிக்கு 41 அதிர்வு. ஐந்து கம்பி பேஸில் அதற்கும் கீழே பி வருகிறது. நொடிக்கு 31 அதிர்வுதான். சாதாரணமாகக் கிடைக்கும் 45–130 செட்டை (தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் 45 முதல் 130 பங்கு வரை) 34 அங்குல பேஸில் மாட்டினால், உச்ச சுரம் தரும் ஜி கம்பியின் இழுவிசை ஏறத்தாழ 19 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். பி கம்பியில் அது 16 கிலோவைக்கூடத் தொடுவதில்லை. விரலுக்கு ஜி விறைப்பாகவும் பி தொளதொளவென்றும் படுவது இதனால்தான். தொளதொளத்த கம்பி அகலமாக ஆடும், ஃப்ரெட்டில் உரசி இரையும். அதைத் தவிர்க்கக் கம்பியை உயர்த்தினால் அழுத்துவது சிரமமாகும்.

தடித்த கம்பி போட்டால் போதாதா? இழுவிசை கூடும், உண்மைதான். ஆனால் வேறொரு சிக்கல் முளைக்கும். பேஸ் ஒலியில் தெளிவு என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைப் பொறுத்தது என்பதால், இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

ஒரு கம்பி முழு நீளத்தில் மட்டும் அதிர்வதில்லை. அதே நேரத்தில் இரண்டு பாதியாகவும், மூன்று பங்காகவும், நான்கு பங்காகவும் அதிர்கிறது. முழு அதிர்வு தருவது அடிப்படைச் சுரம். பங்கு அதிர்வுகள் தருபவை மேற்சுரங்கள். கம்பி மிக மெலிதாக, வளையத் தயங்காததாக இருந்தால் மேற்சுரங்கள் அடிப்படைச் சுரத்தின் சரியான 2, 3, 4 மடங்கில் நிற்கும். நிஜக் கம்பிக்கு உலோக விறைப்பு உண்டு. விறைப்பு கூடக்கூட மேல் மடங்குகள் தம் இடத்தைவிட்டுச் சற்று மேலே நழுவும். பேஸில் இந்த நழுவல் மிகவும் உறுத்தும். 31 அதிர்வு என்ற அடிப்படைச் சுரத்தைச் சிறிய ஆம்ப் ஸ்பீக்கர் சரியாகத் தருவதே இல்லை. காது மேற்சுரங்களைச் சேர்த்துவைத்துத்தான் “இது பி” என்று முடிவுகட்டுகிறது. அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிட்டால் சுருதி மங்கும், அதிர்வு மட்டும் ‘பொம்’ என்று கேட்கும். தடித்த கம்பி இழுவிசையைக் கூட்டினாலும் விறைப்பையும் கூட்டிவிடுவதால் பாதி வைத்தியமாக நின்றுவிடுகிறது.

நீளம் இந்த இரண்டையும் ஒருசேரச் சரிசெய்கிறது. இழுவிசை ஏறுகிறது, விறைப்பால் வரும் நழுவலும் குறைகிறது. கம்பி மாறாமல் 34-லிருந்து 37 அங்குலத்துக்குப் போனால் நழுவல் கால் பங்குக்கு மேல் குறையும். 35-க்குப் போனால் பத்தில் ஒரு பங்கு. முதலாவது காதுக்கு நன்றாகவே தெரியும். இரண்டாவதைக் கவனித்துத்தான் கேட்க வேண்டும்.

இதுவரை பார்த்தது: தாழ்ந்த கம்பி நீளமாக இருந்தால் விறைப்பாக நிற்கும், சுருதி தெளிவாகக் கேட்கும். அதே நீளத்தை ஜி கம்பிக்கும் கொடுத்தால், ஏற்கெனவே இறுகியிருக்கும் அது மேலும் இறுகி மெலிந்து ஒலிக்கும்; இடக்கை விரல்களும் அகல வேண்டியிருக்கும்.

ஆளுக்கொரு நீளம்

யாழிலும் ஹார்ப்பிலும் பியானோவின் உள்ளேயும் தாழ்ந்த சுரத்துக்கு நீண்ட கம்பி, உச்ச சுரத்துக்குக் குட்டைக் கம்பி. மல்டி-ஸ்கேல் பேஸ் அந்த ஏற்பாட்டை ஃப்ரெட் உள்ள நெக்குக்குக் கொண்டுவருகிறது. யோசனை பழையது. 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் புழங்கிய ஆர்ஃபாரியன் என்ற கருவியில் சாய்ந்த ஃப்ரெட் உண்டு. நம் காலத்தில் இதை கிட்டாருக்கு மீட்டுக் கொண்டுவந்தவர் அமெரிக்கக் கருவி வினைஞர் ரால்ஃப் நோவாக். அவருடைய காப்புரிமை 1989-இல் பதிவானது. பேஸ் உலகத்தில் இதைப் பரப்பியதில் டிங்வாலுக்குப் பெரிய பங்கு உண்டு.

டிங்வாலின் 37–34 அமைப்பில் பி கம்பி 37 அங்குலம், இ 36.25, ஏ 35.5, டி 34.75, ஜி 34. மேலே சொன்ன அதே செட்டைப் போட்டால் பி-யின் இழுவிசை 18 கிலோவைத் தாண்டி ஜி-யை நெருங்கிவிடும். ஐபனெஸ் ஈ.எச்.பி ஐந்து கம்பி மல்டி-ஸ்கேல் 35–33. அதில் நடுவிலுள்ள ஏ கம்பி பழைய 34-இலேயே இருக்கிறது; பி ஓர் அங்குலம் கூடுதல், ஜி ஓர் அங்குலம் குறைவு. பி-யின் இழுவிசை 16.5 கிலோவை ஒட்டி ஏறும், ஜி-யினுடையது 18-ஐ ஒட்டி இறங்கும். இரண்டும் மல்டி-ஸ்கேல்தான், மருந்தின் அளவுதான் வேறு. ‘மல்டி-ஸ்கேல்’ என்ற பெயரை மட்டும் பார்த்து வாங்குவதில் பயனில்லை, எண்களைப் பார்க்க வேண்டும்.

ஃப்ரெட் சாய்வது எப்படி?

ஃப்ரெட் எங்கே இருக்க வேண்டும் என்பதைக் கம்பியின் நீளம் தீர்மானிக்கிறது. முதல் ஃப்ரெட்டுக்கான தூரம், நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் கிடைப்பது. 34 அங்குலக் கம்பிக்கு அது 48.5 மி.மீ.; 37 அங்குலக் கம்பிக்கு 52.7 மி.மீ. ஒவ்வொரு கம்பிக்கும் இப்படித் தனித்தனியே புள்ளி வைத்து, ஒரே ஃப்ரெட்டுக்குரிய புள்ளிகளை இணைத்தால் சாய்ந்த நேர்கோடு கிடைக்கும். சாய்வு கண்ணுக்கு விநோதமாக இருந்தாலும் சுருதிக் கணக்கு பழையதேதான். எனவே சாய்ந்த ஃப்ரெட்டால் சுருதி கெடுவதும் இல்லை, தானாகத் துல்லியமாவதும் இல்லை. சுருதித் துல்லியத்துக்காகவே செய்யப்படுவது நெளிநெளியாக வளைந்த ஃப்ரெட். அது வேறு முறை.

ஏதோ ஓர் ஃப்ரெட் மட்டும் நெக்குக்குச் செங்குத்தாக நிற்கும். அதற்கு நியூட்ரல் ஃப்ரெட் என்று பெயர். டிங்வாலில் அது 7-ஆவது ஃப்ரெட். அங்கிருந்து நட்டை நோக்கிப் போகப்போகக் கோடுகள் ஒரு பக்கமும், பிரிட்ஜை நோக்கிப் போகப்போக மறுபக்கமும் சாயும். மூன்று அங்குல வித்தியாசத்தில், 7-ஆவது ஃப்ரெட் நியூட்ரல் என்றால், நட்டின் பி பக்கமும் ஜி பக்கமும் 25 மி.மீ. விலகும், பிரிட்ஜில் 51 மி.மீ. விலகும். அதே மூன்று அங்குலத்துக்கு 12-ஆவது ஃப்ரெட்டை நியூட்ரலாக வைத்தால் இரு முனையிலும் 38 மி.மீ. ஆகிவிடும். நட்டின் பக்கம் வாசிக்கச் சிரமமாகவும் பிரிட்ஜ் பக்கம் எளிதாகவும் இருக்கும். ஆகவே சாய்வு எவ்வளவு என்று கேட்பதோடு, நியூட்ரல் ஃப்ரெட் எது என்றும் கேட்க வேண்டும்.

இடக்கைக்கு என்ன ஆகிறது?

நட்டுக்கு அருகே வாசிக்கும்போது முழங்கை நீண்டிருக்கும், பாடிக்கு அருகே வரும்போது மடங்கும். அதற்கேற்ப விரல்கள் நெக்கின்மேல் விழும் கோணமும் மாறும். ஃப்ரெட்களின் விரிவு இந்த மாற்றத்தோடு ஓரளவு ஒத்துப்போவதால், 3 முதல் 12 வரையுள்ள ஃப்ரெட்களில் பெரும்பாலான கைகளுக்கு வித்தியாசமே தெரியாது. தெரிவது இரண்டு கோடிகளிலும்தான்.

முதல் கோடி, பி கம்பியின் முதல் நான்கு ஃப்ரெட். 1-ஆவது ஃப்ரெட் கம்பிக்கும் 4-ஆவது ஃப்ரெட் கம்பிக்கும் இடையே 34 அங்குல பேஸில் 130 மி.மீ. இருக்கும். 37-இல் அது 141. விரலுக்கு ஓர் ஃப்ரெட் என்று நான்கு விரலையும் வலிந்து விரித்தால் சுண்டுவிரலின் அடியிலும் மணிக்கட்டிலும் வலி வரும். 5-ஆவது ஃப்ரெட்டுக்குக் கீழே டபுள் பேஸ் வாசிப்பவர்களின் 1-2-4 முறையைக் கையாளுங்கள்: ஆள்காட்டி விரல், நடுவிரல், பிறகு மோதிர விரலும் சுண்டுவிரலும் சேர்ந்து. மூன்று ஃப்ரெட்டை அழுத்திவிட்டு நான்காவதற்குக் கையையே நகர்த்துங்கள். 35–33 பேஸில் இந்தத் தொல்லை பெரிதாகத் தெரியாது. அங்கே அகலம் 133 மி.மீ.தான்.

இரண்டாவது கோடி, 15-ஆவது ஃப்ரெட்டுக்கு மேல். அங்கே கை தவறுவதற்குப் பெரும்பாலும் கண்தான் காரணம். நெக்கின் ஓரத்திலுள்ள புள்ளிகள் பி கம்பியின் பக்கம் இருக்கின்றன. நேரான ஃப்ரெட்டில் அந்தப் புள்ளிக்கு நேர்க்கோட்டில் ஜி கம்பியை அழுத்திப் பழகிய கை, இங்கே ஃப்ரெட்டின் தவறான பக்கம் விழும். புள்ளியைப் பார்த்த கண், அந்த ஃப்ரெட் கோட்டின் வழியே ஓடி வேண்டிய கம்பியை அடைய வேண்டும். ஒரே பேட்டர்னைக் குனிந்து பார்த்து நாலுமுறை, பார்க்காமல் நாலுமுறை வாசித்தால் இது சீக்கிரமே பிடிபடும்.

இந்தப் பகுதியின் சாரம்: கைக்குச் சுகம் என்பது மல்டி-ஸ்கேலின் குறிக்கோள் அல்ல. மிதமான விரிவு கைக்குத் தொந்தரவு தராது. பெரிய விரிவுக்கு விரல் முறையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும்.

உடம்புக்கான பகுதி: பாடியும் எடையும்

மணிக்கட்டு, தோள், முதுகு ஆகியவற்றுக்கு உண்மையில் உதவுபவை வேறு. வலது முன்கை படும் விளிம்பைச் சரிவாகச் சீவியிருந்தால் நரம்பு அழுந்தாது. விலாவில் படும் பின்பக்கத்தைக் குடைந்திருந்தால் பாடி உடம்போடு ஒட்டி நிற்கும். கீழ் விளிம்பைத் தொடையில் பொருந்தும்படி வளைத்திருந்தால், உட்கார்ந்து வாசிக்கும்போது நெக்கை மேல்நோக்கிச் சாய்த்துப் பிடிக்கலாம். நெக் உயர்ந்தால் இடது மணிக்கட்டு மடங்குவது குறையும். வலி குறைவதில் இதற்குத்தான் முதலிடம்.

தலைப்பகுதியை எடுத்துவிடும் வழக்கத்தை 1980 வாக்கில் அமெரிக்க வடிவமைப்பாளர் நெட் ஸ்டைன்பெர்கரின் பேஸ்கள் பிரபலமாக்கின. தலைப்பகுதியில் கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் திருகுதான் டியூனர்; கனமான பழைய வகை டியூனர் ஒன்று ஏறத்தாழ 100 கிராம். ஐந்து டியூனரும் தலைப்பகுதி மரமும் தோளிலிருந்து மிகத் தூரத்தில் தொங்குவதால் நெக் தரையை நோக்கிச் சரியும். இதைத்தான் நெக் டைவ் என்கிறார்கள். சரியும் நெக்கை இடக்கை தாங்கிப் பிடிக்கும். வாசிக்க வேண்டிய கை சுமைதாங்கியாகிவிடும். ஹெட்லெஸ்ஸில் டியூனர்கள் பிரிட்ஜுக்கு வந்துவிடுவதால் சரிவு பெரிதும் நிற்கிறது.

ஆனால் ஒன்று. தலைப்பகுதி போனதால் முதல் ஃப்ரெட் கிட்டே வந்துவிடாது. கை எட்ட வேண்டிய தூரம், பிரிட்ஜ் பாடியில் எங்கே இருக்கிறது, ஸ்ட்ராப் பட்டன் நெக்கை நோக்கி எவ்வளவு தூரம் வருகிறது என்ற இரண்டையும் பொறுத்தது. பாடி மிகச் சிறியதாக இருக்கும் சில ஹெட்லெஸ் பேஸ்களில் முதல் ஃப்ரெட் இன்னும் இடப்பக்கம் தள்ளிப்போய்விடும்.

யாருக்கு எவ்வளவு தேவை?

நான்கு கம்பியில், சாதாரண இ-ஏ-டி-ஜி சுருதியில் மட்டும் வாசிப்பவருக்கு நல்ல 34 அங்குல நேர் ஃப்ரெட் பேஸே போதும். அவர் எர்கனாமிக் பாடியிலும் குறைந்த எடையிலும் பணத்தைப் போடுவது மேல். ஐந்து கம்பி வாசித்து, பி கம்பியை அடிக்கடி தொடுபவருக்கு 35–33 நல்ல நடுவழி. பி-யையும் இறக்கி ஏ-யில், அதாவது நொடிக்கு 27.5 அதிர்வில் வாசிக்கும் கனமான இசைக்கு 37–34-இன் பலன் முதல் சுரத்திலேயே தெரியும்.

கடையில் வாசித்துப் பார்க்கும்போது

முதலில் சுருதி சேருங்கள். தலைப்பகுதியில் கவ்விச் சுருதி காட்டும் கிளிப் டியூனருக்கு ஹெட்லெஸ்ஸில் சரியான இடம் இருக்காது. பெடல் டியூனரோ போன் செயலியோ கையில் இருக்கட்டும். கம்பிகள் புதியவையா என்று கேளுங்கள். புதுக் கம்பிக்கும் ஆறு மாதக் கம்பிக்கும் உள்ள ஒலி வித்தியாசம், ஓர் அங்குல ஸ்கேல் வித்தியாசத்தைவிடப் பெரியது. ஒப்பிட எடுக்கும் 34 அங்குல பேஸிலும் அதே தடிமனில், ஏறக்குறைய அதே வயதுக் கம்பி இருந்தால்தான் ஒப்பீட்டுக்குப் பொருள் உண்டு.

ஆம்பில் இணைக்கும் முன் நெக்கைப் பாருங்கள். பி கம்பியை 1-ஆவது ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்தினால், 7-ஆவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே 0.3 முதல் 0.4 மி.மீ. இடைவெளி தெரிய வேண்டும். இடைவெளியே இல்லையென்றால் நெக் முற்றிலும் நேராகவோ பின்னோக்கி வளைந்தோ இருக்கிறது, கீழ் ஃப்ரெட்கள் இரையலாம். அதிகமென்றால் நெக்குக்குள் ஓடும் இரும்புத் தண்டான ட்ரஸ் ராடை இறுக்க வேண்டும். சென்னை போன்ற கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் நெக் பருவத்துக்குப் பருவம் அசையும். ஆகவே இந்தக் குறையை மட்டும் வைத்துக் கருவியை ஒதுக்க வேண்டாம். கடைக்காரரிடம் செட்டப் செய்து, அதாவது நெக்கையும் கம்பி உயரத்தையும் சரிசெய்து, தரச்சொல்லுங்கள்.

பிறகு ஆம்பில், எல்லா டோன் திருகையும் நடுவில் வைத்து, இந்த ஒரு சோதனையைச் செய்யுங்கள். இ கம்பியை எந்த ஃப்ரெட்டிலும் அழுத்தாமல், திறந்தபடி வாசியுங்கள். உடனே பி கம்பியின் 5-ஆவது ஃப்ரெட்டை வாசியுங்கள். இரண்டும் ஒரே சுரம். இரண்டாவது மங்கியும் பொத்தென்றும் கேட்டால் பி கம்பி சரியாக வேலை செய்யவில்லை. இரண்டும் ஒரே குரலில் பேசினால் மல்டி-ஸ்கேல் தன் வேலையைச் செய்கிறது. அதே சோதனையை 34 அங்குல பேஸிலும் செய்யுங்கள். முடிந்தால் 10 அல்லது 12 அங்குல ஸ்பீக்கர் உள்ள ஆம்ப் கேளுங்கள்.

அடுத்து கைக்கான சோதனை. பி கம்பியில் 1 முதல் 4 வரை ஏறி இறங்குங்கள். இ கம்பியின் 1-ஆவது ஃப்ரெட்டையும் டி கம்பியின் 3-ஆவது ஃப்ரெட்டையும் மாற்றி மாற்றி எஃப் ஆக்டேவ் வாசியுங்கள். நட்டருகே சாய்வு உறுத்துமானால் இங்கேதான் உறுத்தும். ஜி கம்பியில் 12-க்கு மேல் ஒருமுறை போய்வாருங்கள். வலக்கையையும் மறக்க வேண்டாம். பிரிட்ஜும், கம்பியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பிக்கப்பும் சாய்ந்திருப்பதால், பி-யில் பிடித்த ஒலி கிடைத்த இடத்திலிருந்து விரல் நேராக இறங்கினால் ஜி கம்பியில் பிரிட்ஜை நெருங்கிவிடும், ஒலி மெலிந்து கேட்கலாம். பிக்கப்பின் சாய்வோடு விரலும் சாய்ந்து இறங்க வேண்டும்.

கடைசியாக ஸ்ட்ராப் மாட்டி நின்று, இரு கைகளையும் எடுத்துவிடுங்கள். நெக் அசையாமல் நின்றால் சரி. பத்து நிமிடமாவது நின்றபடி வாசியுங்கள். தோளில் அழுத்தம் உடனே தெரியாது.

கம்பி மாற்றும்போது

37 அங்குலப் பி-க்குச் சாதாரண லாங் ஸ்கேல் கம்பி நீளம் போதாது. சூப்பர் லாங் அல்லது அந்தக் கருவிக்கென்றே விற்கும் செட் வேண்டும். 35–33-க்கு லாங் ஸ்கேல் கம்பிகள் பெரும்பாலும் போதும். வாங்கும் முன் உறையில் போட்டிருக்கும் நீளத்தைப் பாருங்கள்.

ஹெட்லெஸ்ஸில் நட்டுக்குப் பின்னால் ஒரு சிறு திருகு கம்பியைக் கவ்விப் பிடிக்கும். பழைய சில மாடல்களுக்கு இரு முனையிலும் குண்டு உள்ள கம்பிதான் பொருந்தும். அது எளிதில் கிடைக்காது என்பதால் வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சாதாரணக் கம்பி மாட்டும் மாடலில், பிரிட்ஜிலுள்ள டியூனர் திருகை முழுக்கத் தளர்த்தி, குண்டை அதில் உட்கார வைத்து, மறுமுனையைத் திருகுக்குள் நுழைத்துக் கையால் நன்றாக இழுத்துப் பிடித்தபடியே ஆலன் கீயால் இறுக்குங்கள். இழுக்காமல் விட்டால் டியூனர் ஓட்டம் முழுக்கத் தீர்ந்த பின்னும் கம்பி சுருதிக்கு ஏறாது. அப்போது டியூனரைத் திரும்பத் தளர்த்தி, கம்பியை மீண்டும் இழுத்துக் கவ்வ வேண்டும். முறுக்கி ஏற்றப் பார்த்தால் டியூனரின் மரை தேய்ந்துவிடும். மிச்சமுள்ள நுனியைச் சுருதிக்கு ஏற்றிய பிறகுதான் வெட்ட வேண்டும். கவ்வுவதற்கு முன்னாலேயே வெட்டினால் மேலே சுற்றிய உலோகச் சுருள் உள்கம்பியிலிருந்து பிரிந்து சுழலும். கம்பி புதியதாக இருந்தாலும் ஒலி செத்துப்போகும், வேறு கம்பி வாங்குவதைத் தவிர வழியில்லை.